மேடையா, வட்டமா, எதிரெதிரே இரண்டு நாற்காலியா?

வாசகர் வட்டம், குடியிருப்போர் நலச் சங்கம், ஓய்வு பெற்றோர் மன்றம் என்று நாலு பேர் கூடும் இடங்களில் இப்போது ஒரு யோசனை அடிக்கடி எழுகிறது: "அவங்கவங்க வாழ்க்கையில நடந்ததை அவங்களே வந்து சொல்ற மாதிரி ஒண்ணு வைக்கலாமே." அருமையான யோசனை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வீட்டில் தனியே இருக்கும் பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. வேலைக்காக ஊர் மாறி வந்து, எதிர்வீட்டுக்காரர் பெயரும் தெரியாமல் ஆண்டுகளைக் கழிக்கும் குடும்பங்களும் உண்டு. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆனால் யோசனை பிறந்த மறு நிமிடமே பேச்சு ஹால், மைக், பேனர், சிறப்பு விருந்தினர் என்று ஓடத் தொடங்கிவிடுகிறது. என்ன வடிவத்தில் நடத்துவது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. மேடை என்று தானாகவே முடிவாகிவிடுகிறது.

உண்மைக் கதையை வாய்மொழியாகச் சொல்லவும் கேட்கவும் நன்கு சோதித்துப் பார்த்த வடிவங்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காகப் பிறந்தது, ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்குப் பயன்படுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் ஒருவரையொருவர் நெருங்க வேண்டும், சொல்பவரின் மனம் லேசாக வேண்டும் என்பது நோக்கமென்றால், எதிரெதிரே போட்ட இரண்டு நாற்காலியில் தொடங்குங்கள். அடுத்து வட்டம். மேடை கடைசியில் வரட்டும். கதை எவ்வளவு சிறப்பாகச் சொல்லப்பட்டது என்பதைவிட, அதைக் கேட்டவர் மறுநாளும் சொன்னவரின் வாழ்க்கையில் இருக்கிறாரா என்பதே பெரிது என்று நினைக்கிறேன்.

மேடை வடிவத்தில் உலகப் புகழ் பெற்றது 'தி மாத்'. ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற நாவலாசிரியர் 1997இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஜார்ஜியா மாநிலத்தில் நண்பர்களோடு வீட்டு முன்தாழ்வாரத்தில் உட்கார்ந்து கதை பேசிய இரவுகளை அந்தப் பெருநகரத்துக்குக் கொண்டுவர நினைத்தார். தன் வீட்டுக் கூடத்தில் தொடங்கினார். இன்று அவர்களுடைய போட்டி இரவுகளில் ஒரு தலைப்பை முன்னரே அறிவிக்கிறார்கள். பேச விரும்புகிறவர்கள் பெயர் எழுதிப் பையில் போடுகிறார்கள். அதிலிருந்து பத்துப் பேர் எடுக்கப்படுகிறார்கள். ஆளுக்கு 5 நிமிடம். கையில் காகிதம் கூடாது, கதை உண்மையாக இருக்க வேண்டும், சொல்பவருக்கே நடந்ததாக இருக்க வேண்டும். பார்வையாளர்களிலிருந்தே தேர்ந்தெடுத்த குழுக்கள் மதிப்பெண் போடுகின்றன.

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாத இருநூறு பேர் ஒரே நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய விஷயம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பெண் தன் பள்ளிக்கால நிகழ்ச்சியை, ஒத்திகை எதுவும் பார்க்காமல், மூளை ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி சொன்னார். பிறகு அந்த ஒலிப்பதிவைக் கேட்டவர்களின் மூளைச் செயல்பாடு, சிறு இடைவெளி விட்டு, சொன்னவருடைய மூளையின் போக்கையே பின்பற்றியது. கதையை நன்றாகப் புரிந்துகொண்டவர்களிடம் அந்த ஒத்திசைவு அதிகமாக இருந்தது. புரியாத மொழியில் சொல்லப்பட்ட கதையைக் கேட்டபோது அது மறைந்துவிட்டது. கேட்பவர்களுக்கு மேடையால் கிடைப்பது அற்பமானதல்ல.

என் தயக்கம் சொல்பவரைப் பற்றியது. அதிலும் நம் ஊரில் சொல்பவரைப் பற்றியது.

மைக்கைக் கையில் கொடுத்தால் நம் நாக்கு மாறிவிடுகிறது. வீட்டில் "எங்கப்பாரு அன்னைக்கு ஒரு வார்த்தை பேசல" என்று சொல்லும் அதே மனிதர், மேடை ஏறியதும் "எனது தந்தையார் அன்றைய தினம்" என்று தொடங்குகிறார். அவையோருக்கு வணக்கம், அழைத்தவர்களுக்கு நன்றி, ஒரு குறள் என்று பாதி நேரம் போய்விடும். மீதி நேரத்தில் நடந்ததைச் சொல்வதற்குள், அதிலிருந்து இளைஞர்கள் என்ன கற்க வேண்டும் என்ற இடத்துக்குப் போய்விடுவார். இது அவர் குற்றமில்லை. பட்டிமன்றமும் பொதுக்கூட்டமும் பள்ளிப் பேச்சுப் போட்டியும் பல தலைமுறைகளாக நமக்குப் பழக்கிவிட்ட மேடைத் தமிழ் அது. மேடைப் பேச்சில் நாம் செய்த சாதனை பெரிது. ஆனால் சொந்தக் கதை அந்த மொழியில் குடியிருப்பதில்லை, அது பேச்சுத் தமிழில் இருக்கிறது. பேச்சுத் தமிழோ மைக்கைப் பார்த்தால் கூச்சப்படுகிறது.

இன்னொன்று, அந்தரங்கம். நியூயார்க்கில் ஒருவர் தன் விவாகரத்தைப் பற்றி மேடையில் பேசினால், கேட்டவர்கள் அன்றிரவே ரயிலேறிக் கலைந்துவிடுவார்கள். ஒரு தாலுகா தலைநகரில் அப்படியில்லை. முன்வரிசையில் இருப்பவர் சம்பந்தி வீட்டுக்கு வேண்டியவராக இருப்பார். பின்வரிசையில் யாராவது செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். கதை அன்று மாலையே மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கும். யாருடைய கதையும் அவருடையது மட்டும் இல்லையே. கடனில் மூழ்கிய கதையைச் சொன்னால் கடன் கொடுத்தவரும் அதில் வருவார். காதல் திருமணக் கதையைச் சொன்னால் சாதி வரும், தங்கையின் வரன் பேச்சு வரும். இதெல்லாம் தெரிந்தவர்கள் மேடையில் பத்திரமான கதையைத்தான் சொல்வார்கள். தெரியாமல் மனதைத் திறந்துவிடுகிறவர்கள் மறுநாள் காலை தனியாக அதைச் சுமப்பார்கள். இரண்டாவது நிலையை நினைத்துத்தான் நான் அஞ்சுகிறேன்.

மேடைக் கதைகளை நன்றாக நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். 'தி மாத்' அமைப்பின் பெரிய மேடைகளில் வரும் கதைகள் அப்படியே வந்து கொட்டப்பட்டவை அல்ல. ஓர் இயக்குநர் சொல்பவரோடு பலமுறை உட்கார்ந்து, எதைச் சொல்லலாம், எது இன்னும் ஆறவில்லை என்று பேசிப் பேசிச் செதுக்கியவை. அந்த உழைப்பைத் தர ஆள் இல்லாமல் மேடையை மட்டும் எடுத்துக்கொள்வது சரியில்லை.

வட்டம் வேறு வகை. இதன் மிகப் பழைய, மிக வலுவான உதாரணம் மதுவிலிருந்து மீள்வோரின் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டம். 1935இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் அக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் ஒருவருக்கொருவர் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டதில் பிறந்தது. இன்று தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்ற மூன்று கேள்விக்குள் ஒரு வாழ்க்கை சொல்லப்படுகிறது. யாரும் குறுக்கே பேசுவதில்லை. புத்திமதி இல்லை, கைதட்டி மதிப்பெண் போடுவது இல்லை, முழுப்பெயர் தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் இந்த வழியும் இதற்கு ஆட்களை முறையாக அழைத்துவரும் சிகிச்சையும் மற்ற மனநலச் சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தன. அதில் கதைக்கு எவ்வளவு பங்கு, துணை நிற்கும் மூத்த உறுப்பினருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை என்பேன். கதை சொல்லித்தானே அந்தத் துணை கிடைக்கிறது.

வட்டம் யாருக்குப் பொருந்தும்? ஒரே அடி பட்டவர்களுக்கு. துணையை இழந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சை முடித்தவர்கள், சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர், மறதி நோய் கண்ட பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணத்தை வட்டம் உடைப்பதுபோல் வேறு எதுவும் உடைப்பதில்லை. அதுவரை பேசாமல் இருந்தவர் நான்காவது வாரம் வாய் திறப்பார், ஏனென்றால் அவர் கதையின் பாதியை இன்னொருவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். ஆனால் வட்டத்துக்குத் தொடர்ச்சி வேண்டும். வாரம் தவறாமல் அதே கிழமை, அதே நேரம், நாலே பேர் வந்தாலும். ஒருவரே அரை மணி நேரம் பேசுவதை வலிக்காமல் நிறுத்தத் தெரிந்த ஒருவர் நடுவில் இருக்க வேண்டும். பொதுவான அடி எதுவும் இல்லாத, ஒரு தெருவில் குடியிருப்பது மட்டுமே ஒற்றுமையான பன்னிரண்டு பேரை வட்டமாக உட்காரவைத்தால், பேச்சு மூன்றாம் வாரமே குடிநீர் வரி, லிஃப்ட் பராமரிப்பு என்று திரும்பிவிடும்.

இனி இரண்டு நாற்காலி. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது.

2003 அக்டோபரில் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் ஒரு சிறிய அறை திறக்கப்பட்டது. வானொலிக்காரரான டேவ் ஐசேயின் 'ஸ்டோரிகார்ப்ஸ்' அது. சாதாரண மக்களின் பேச்சைப் பதிவு செய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ஸ்டட்ஸ் டெர்கல், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், வந்து திறந்துவைத்தார். உள்ளே ஒரு மேசை, மங்கலான விளக்கு, மைக்குகள், எதிரெதிரே இரண்டு நாற்காலி, உதவிக்கு ஓர் ஊழியர். ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்த இருவர் வருவார்கள். பேத்தியும் தாத்தாவும், கணவனும் மனைவியும், பழைய நண்பர்கள். ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல, 40 நிமிடம். பதிவின் ஒரு பிரதி அவர்களுக்கு. சம்மதித்தால் இன்னொரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வாழ்வியல் மையத்தில் சேரும். வானொலியில் வருவது அவற்றில் மிகச் சிறு பகுதி. ஆகப் பெரும்பாலானவர்கள் ஊருக்குக் கேட்பதற்காகப் பேசவில்லை, எதிரில் இருப்பவருக்காகப் பேசினார்கள்.

மைக் இங்கும் இருக்கிறது, ஆனால் பார்வையாளர் இல்லை. அதனால் மேடைத் தமிழ் வருவதில்லை. "அம்மா, நீ கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அன்னைக்கு ராத்திரி என்ன நினைச்ச?" என்று மகள் கேட்டால், அம்மா அந்தக் கேள்விக்கு வீட்டு மொழியில்தான் பதில் சொல்வார். ஒரே வீட்டில் நாற்பது ஆண்டுகள் இருந்தும் கேட்கப்படாத கேள்வி அது. நேரத்தை ஒதுக்கி, செல்போனை அமர்த்திவைத்து, எதிரில் உட்கார்ந்தால்தான் கேட்க வாய் வருகிறது. மைக் செய்யும் நல்ல காரியம் ஒன்று உண்டு. சாதாரணமாகக் கேட்டால் "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று எழுந்துபோகும் அப்பா, பதிவு என்றதும் உட்காருகிறார். தன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. மைக் தனியாக வேண்டும் என்பதில்லை, செல்போனே போதும்.

அந்தரங்கச் சிக்கலும் பெரிதும் குறைகிறது. பதிவு யாரிடம் இருக்கும் என்பதை அந்த இருவரே முடிவு செய்கிறார்கள். சொல்ல விரும்பாததை விட்டுவிடலாம். அழுகை வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம், தொடராமலும் விடலாம். நாற்பது நிமிடம் முடிந்தபின் அந்தப் பேச்சு சாப்பாட்டு நேரத்திலும், மறுவாரத் தொலைபேசி அழைப்பிலும் நீளும்.

பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில், உண்டு, அளவோடு உண்டு என்பதுதான். முதியவர்கள் பழையதைப் பேசுவது மூளை தளர்வதன் அடையாளம் என்று ஒதுக்கிய காலத்தில், அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்க்கும் இயல்பான வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963இல் எழுதினார். அதிலிருந்து நினைவுகூர்தல் ஒரு சிகிச்சை முறையாகவே வளர்ந்தது. மறதி நோயாளிகளிடம் அதன் பலனைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு காக்ரன் ஆய்வு, நன்மைகள் சிறியவை, இடத்துக்கு இடம் மாறுபவை என்றது. மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்காகக் கனடாவின் வின்னிபெக் நகரத்து மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் உருவாக்கிய முறை இன்னும் தெளிவான பாடம். நோயாளி தன் வாழ்க்கையில் முக்கியமானதை, அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறார். அது பதிவாகி, எழுத்தாகி, திருத்தப்பட்டு, அவர் கையிலேயே தரப்படுகிறது. குடும்பத்துக்கு விட்டுச் செல்லலாம். 326 நோயாளிகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், மன உளைச்சல் அளவில் மற்றக் குழுக்களோடு ஒப்பிட வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தங்களுக்கு உதவியது, கண்ணியம் கூடியது, குடும்பம் தங்களைப் பார்க்கும் விதம் மாறியது என்று இந்த முறையில் பேசியவர்களே அதிகம் சொன்னார்கள். உளைச்சல் குறையாவிட்டாலும் உறவு மாறுகிறது. நான் எதிர்பார்ப்பதும் அதைத்தான். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கதை குணப்படுத்தும் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

கேட்கும் இளையவருக்கும் பங்கு உண்டு. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவஷ் இருவரும் 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உன் பெயர் எப்படி வந்தது என்ற வகைக் கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் தன் வாழ்க்கை தன் கையில் என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. விடைகளை மனப்பாடம் செய்வதால் வரும் பலன் அல்ல அது. அந்த விடைகள் தெரியும் அளவுக்கு அந்த வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு நாற்காலிக்கும் குறை உண்டு. பேச வீட்டில் ஆளே இல்லாதவரை அது விட்டுவிடும். அங்கேதான் அமைப்புக்கு வேலை: கேட்பதற்கு ஒரு கல்லூரி மாணவரையோ பக்கத்துத் தெரு அக்காவையோ இணைத்துவிடுவது. ஆனால் ஒருமுறை வந்து கதையை வாங்கிக்கொண்டு போகிறவராக அவர் இருக்கக் கூடாது. மூன்று மாதமாவது வருவேன் என்று ஒப்புக்கொள்பவரை மட்டும் இணையுங்கள். மாணவர்களுக்கு இதைப் பாடத்திட்ட மதிப்பெண்ணாக்கிவிட்டால் முதியவருக்கு அது முதல் பத்து நிமிடத்திலேயே புரிந்துவிடும்.

மற்ற இரண்டு வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2000இல் டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசைவிழாவில் தொடங்கிய 'மனித நூலகம்' இன்று பல நாடுகளில் நடக்கிறது. சமூகம் முத்திரை குத்தி ஒதுக்கிய ஒருவர் 'புத்தகமாக' உட்கார, வாசகர் அவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். இரு தரப்புக்கிடையே உள்ள வெறுப்பையோ அச்சத்தையோ குறைப்பது உங்கள் நோக்கமென்றால் இதை எடுங்கள். ஆனால் நம் ஊரில் தூய்மைப் பணியாளரையோ திருநங்கையையோ அழைத்து உட்காரவைத்து, வசதியானவர்கள் வரிசையில் நின்று கேள்வி கேட்கும் காட்சியாக அது மாறிவிடும் ஆபத்து மிக அதிகம். அந்த மனிதர்களே நடத்தும் குழுவில் இருந்தால் ஒழிய வேண்டாம் என்பேன். 1975இல் ஜோனதன் ஃபாக்ஸ், ஜோ சாலஸ் இருவரும் தொடங்கிய 'பிளேபேக் தியேட்டர்' அழகானது. பார்வையாளர் ஒருவர் சொன்ன சம்பவத்தை நடிகர்கள் அங்கேயே நடித்துக் காட்டுவார்கள். பயிற்சி பெற்ற குழு இருந்தால் மட்டும்.

எந்த வடிவத்தை எடுத்தாலும் ஓர் எல்லையை மீறக் கூடாது. பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவரை, "சொல்லிட்டா மனசு லேசாயிடும்" என்று வற்புறுத்திப் பேசவைப்பது தீங்கு செய்யலாம். விபத்து, பேரிடருக்குப் பின் ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதனால் பயன் தெரியவில்லை, சிலருக்கு நிலைமை மோசமானது. இன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. நம் மக்களிடமிருந்தே ஒரு சான்று உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு இலங்கையில், போரையும் அலையையும் கண்ட 31 குழந்தைகளுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்-ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பாதிக் குழந்தைகள் பிறந்தது முதல் நடந்ததை வரிசையாகச் சொன்னார்கள். மறுபாதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் 81 சதவீதமும் தியானம் செய்தவர்களில் 71 சதவீதமும் மீண்டிருந்தார்கள். இவ்வளவு சிறிய குழுவில் அந்த இடைவெளிக்குப் பொருள் கற்பிக்க முடியாது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இரண்டு. பேசாமலும் மீள வழி உண்டு. பேசி மீண்ட குழந்தைகளோ, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க, ஒருமுறைக்கு ஆறுமுறை உட்கார்ந்து பேசினார்கள்.

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டமும் அப்படியே. மருத்துவமனை வளாகத்து மர பெஞ்சில் பாட்டிமார் உட்கார்ந்து துயரம் கேட்கிறார்கள். 573 பேரை வைத்து 2016இல் வெளியான ஆய்வில் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பாட்டிமார் பயிற்சி பெற்றவர்கள். கேட்பதோடு நிற்காமல், எந்தச் சிக்கலை முதலில் எடுப்பது என்று வந்தவரோடு சேர்ந்து யோசிப்பார்கள். தங்களால் முடியாததை மேலே அனுப்ப அவர்களுக்கு வழி இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சியில் ஒருவர் வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் யாரை அழைப்பீர்கள் என்பது தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் தொலைபேசி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அதைச் சுவரில் ஒட்டுங்கள்.

ஆக, பதினைந்து இருபது பேர் கொண்ட ஒரு சங்கம் என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். முதல் மூன்று மாதம் இரண்டு நாற்காலி மட்டும். கிளை நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ மின்விசிறிச் சத்தம் குறைவான ஓர் அறை, சனிக்கிழமை மாலை இரண்டு ஜோடி. கேட்பவரிடம் ஐந்தாறு கேள்விகள் எழுதிய தாள் இருக்கட்டும். "உங்கள் வாழ்க்கை அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று அகலமாகக் கேட்க வேண்டாம். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், உங்கள் தெருவில் முதலில் டிவி வந்த வீடு எது, இனி பார்க்க முடியாத ஒருவரிடம் இன்று என்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள். பதிவுக்கு முன்பும் பின்பும் இருமுறை சம்மதம் வாங்குங்கள், பேசி முடித்தபின் மனம் மாறுகிறவர்கள் இருப்பார்கள். சங்கத்திடம் எந்தப் பிரதியும் வேண்டாம். அந்தப் பேச்சுகளில் பொதுவான ஒரு துயரம் தலைகாட்டினால், அதற்கு மட்டும் ஒரு வட்டம் தொடங்குங்கள். மேடையை ஆண்டு விழாவுக்கு வையுங்கள். அதில் ஏறுகிறவர் அதே கதையை ஏற்கெனவே ஒருவரிடமாவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும், கதையில் வரும் உறவினர்களுக்கு அவர் பேசப்போவது தெரிந்திருக்க வேண்டும், வீடியோ எடுப்பதா வேண்டாமா என்பதை அவரே சொல்ல வேண்டும்.